அரைக்கால் அந்தர்

காருக்குக் குளிர்காலத்து ரயர் பூட்டுவதற்காகப் போன கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பத்தேமுக்கால் வரைக்கும் என் காரில் ஒருவரும் கை வைக்கவில்லை. சுவரில் இருந்த விலைப்பட்டியலை வாசித்து முடித்தேன். கூரையில் பதித்திருந்த அட்டைகளை எண்ணினேன். நீளத்துக்குப் பதினாறு, அகலத்துக்கு ஒன்பது, அதில் இரண்டில் ஈரக்கறை. இனி எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றானதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வேலை நடக்கும் பக்கம் போய் நின்றேன். புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணம் வந்தால் எனக்கு ஸ்கொத்லாந்துக்காரரின் ஞாபகமும் கூடவே வரும். சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சில்லைச் சுற்றவிட்டுச் சமன் பார்த்துக்கொண்டிருந்தவன் நம் பையன்தான். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியைக் கத்தரித்து, ஒட்டுத்தாளை உரித்து, சில்லின் உட்புறத்தில் ஒட்டினான்.

"தம்பி, ஈயத்தில் கொழுவுறது இப்ப இல்லையோ?" என்று கேட்டேன்.

"லெட்டா அங்கிள்? அது பொய்சன். இப்ப எல்லாம் ஸ்டீல், ஸ்டிக்-ஒன். நீங்கள் வெளியிலை இருக்கோணும் அங்கிள், இன்சூரன்ஸ் பிரச்சினை."

வெளியில் வந்து இருந்தேன். என் கைகளைப் பார்த்தேன். அந்த நஞ்சை ஏழு வருடம் தொட்டவை.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியில் ஒரு ரயர்க்கடையில் எனக்கு இதே வேலை. ஊரில் நில அளவைப் பகுதியில் படவரைஞராக இருந்தவன். ஒரு காணியின் எல்லையை நூலிழை அகலத்துக்குச் சரியாகக் கீறுவதற்குப் பழகிய கைக்கு, இங்கே வந்தபின் கிடைத்தது சில்லுக்குச் சமன் பார்க்கிற வேலை. குறைசொல்ல மாட்டேன். சில்லை இயந்திரத்தில் பூட்டிச் சுற்றவிட்டால், எந்த இடத்தில் எத்தனை அவுன்ஸ் குறைகிறது என்று அது சொல்லும். அந்த எடைக்கு ஓர் ஈயத்துண்டை எடுத்து விளிம்பில் கொழுவி ஒரு தட்டுத் தட்டவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அதன் எடை பொறித்திருக்கும்: கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால். தன் எடையைத் தன் முதுகிலேயே எழுதிவைத்திருக்கும் பொருள் உலகத்தில் வேறு எது? எனக்கு அந்தத் துண்டுகளில் ஒரு பிரியம் உண்டு. பழைய சில்லுகளிலிருந்து கழற்றியவை ஒரு வாளியில் கிடக்கும். முதலாளி அவற்றைப் பார்ப்பதே இல்லை. "வேணுமெண்டால் கொண்டுபோ" என்பார். இதை வைத்து என்ன செய்வது என்று அப்போது எனக்கும் தெரியாது.

என் மனைவி மலர் பிஸ்கற் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவளோடு ஒரே வரிசையில் நின்றவள் மொராக். கிளாஸ்கோவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். செந்தலை, அகன்ற தோள், கதவடியில் நின்றால் வெளிச்சம் மறைக்கும். மொராக் கதைப்பது ஆங்கிலந்தான் என்று மலர் அடித்துச் சொல்வாள். எனக்கு அதில் அரைவாசி நம்பிக்கைதான் இருந்தது. ஆகவே அவள் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே தருகிறேன். மலர் எனக்கு அப்படித்தான் தந்தாள்.

ஒருநாள் மலர் ஒரு பெட்டியைத் தூக்கி, அரைச்சுற்றுச் சுற்றி, எட்ட இருந்த மரத்தட்டில் போட்டிருக்கிறாள். பெட்டி சரியாகப் போய் இருந்திருக்கிறது. மொராக் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம், "ஏய், நீ முந்தி என்ன எறிஞ்சனி?"

நல்ல கேள்வி. பதினைந்து வருடம் கூட வாழ்ந்த நான் கேட்காத கேள்வி.

மலர் பள்ளிக்கூடத்தில் குண்டெறிந்தவள். யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்கு இடையிலான போட்டிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். கடைசி வகுப்பு, அதை விட்டால் பிறகு இல்லை. மூன்று மாதம் விடிய எழும்பிப் பழகியிருக்கிறாள். போட்டிக்கு முதல்நாள் ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். போட்டி ஒத்திவைக்கப்பட்டது, பிறகு ஒத்திவைத்ததையும் எல்லோரும் மறந்துபோனார்கள். அவளுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, எறியவிட்டு, நாடா பிடித்து அளந்து, இத்தனை அடி என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணம் பேசிவந்தபோது சாதகம், தையல், பரதநாட்டியம் எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னார்கள். குண்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

அந்தக் கோடையில் மொராக் எங்களைத் தங்களுடைய ஆட்களின் விளையாட்டு விழாவுக்குக் கூட்டிப்போனாள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில் ஒரு சிறிய ஊர். நாங்கள் புட்டும் கட்டாச் சம்பலும் கொண்டுபோனோம். பக்கத்துப் பாயில் இருந்த குடும்பம் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்கு ஆட்டு ஈரலும் ஓட்ஸும் அடைத்த ஒரு பண்டத்தைத் தந்தது. மிளகு கொஞ்சம் கூடப் போட்டிருந்தால் எங்கள் ஊரில் விலைப்படும்.

மைதானத்தில் பெருத்த மனிதர்கள் கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் சாரம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு புதினமாகத் தெரியவில்லை. புதினம் அவர்கள் எறிந்த பொருட்களில் இருந்தது. ஒருவர் சதுர இரும்பொன்றை அதன் வளையத்தில் ஒற்றைக் கையால் பிடித்து, கால்களுக்கிடையில் ஆட்டி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் ஓர் உயரக் கம்பத்தைத் தாண்ட எறிந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த இரும்பை எனக்குத் தெரியும்! எங்கள் ஊர்ச் சங்கக்கடையில் வெங்காயமும் புகையிலையும் நிறுக்கிற படிக்கல் அல்லவா அது? வளையம்கூட அதே வளையம். மொராக்கிடம் எடை கேட்டேன். ஐம்பத்தாறு இறாத்தல் என்றாள். ஓர் அந்தர் நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல். ஐம்பத்தாறு என்றால் அரை அந்தர். அடுத்தது இருபத்தெட்டு, கால் அந்தர். பெண்களுக்கு என்று ஓர் எடை உண்டு, பதினான்கு, அரைக்கால் அந்தர். வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன படிக்கற்களைத் தன் ஊரில் எடுத்து எறிந்து விளையாடியிருக்கிறான்! நாங்கள் நூற்றைம்பது வருடம் அவற்றை வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தோம். ஒருவருக்காவது எறிந்து பார்ப்போம் என்று தோன்றவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பை வழி முழுவதும் மலருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகு அவள் சொன்னாள்.

"நானும் எறிவன்."

"எதை?"

"உந்த அரைக்கால் அந்தரைத்தான்."

அவளுக்கு அப்போது நாற்பது வயது. தோள் விலகினால்? முதுகு பிடித்துக்கொண்டால்? சில்லு ஒன்றில் கால் அவுன்ஸ் பிசகினாலே ஆடும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

"உமக்கென்ன விசரே?" என்றேன்.

"ஓம்" என்றாள்.

தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த விழாவில் அதுவரை பெண்கள் எறிந்ததில்லை. மொராக் விழாச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. "எங்களிடம் பெண்களுக்கான எறிபொருள் ஒன்றும் இல்லை. வாங்கவும் வழியில்லை. பதினான்கு, இருபத்தெட்டு, பன்னிரண்டு இறாத்தல் சம்மட்டி, மூன்றையும் நீங்கள் கொண்டுவாருங்கள். நடுவரின் தராசில் மூன்றும் தேறினால் அடுத்த ஓகஸ்டில் பெண்களுக்கும் போட்டி. ஒன்று தவறினாலும் இல்லை" என்றார். மொராக், மலர், அந்த ஊர்த் தாதி ஒருத்தி என்று மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று பொருட்களைச் செய்கிற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வாளியில் கிடந்த ஈயத்தைப் பற்றி மலர் மொராக்கிடம் சொல்லியிருந்தாள்.

கால் அந்தர் பெரிய பாடாக இருக்கவில்லை. யாரோ வீட்டைக் காலிசெய்யும்போது கராஜ் வாசலில் விற்கப் போட்டிருந்த உடற்பயிற்சித் தட்டுகளை வாங்கி, நடுவில் ஆணி கோத்து முறுக்கி, சங்கிலியும் கைப்பிடி வளையமும் பூட்டினோம். பூட்டியவன் தாசன். ரயர்க்கடைக்குப் பக்கத்தில் கார்ப் புகைக்குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டுகிற கடையில் வேலை, மன்னார்ப் பக்கத்து ஆள், வாய் ஓயாது. ஒட்டும்போது முகமூடிக்குள்ளிருந்தும் கதை வரும்.

"அண்ணை, என்ரை மனுசிக்குச் சட்டியை எறியத்தான் தெரியும். அதுக்கும் போட்டி வைப்பாங்களோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. கோப்பை எங்கடை வீட்டுக்குத்தான்."

சம்மட்டிக்குத் தலை மொராக்கின் தமையனிடம் இருந்தது, பிடிதான் வேண்டும். ஸ்கொத்லாந்துக்காரர் அந்தக் காலத்தில் சம்மட்டிக்குப் பிரம்பைத்தான் பிடியாகப் போட்டார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிரம்பு வளர்வது எங்கள் பக்கத்துக் காடுகளில். கப்பலேறி அந்தக் குளிருக்குப் போய்ச் சம்மட்டிக்குள் நுழைந்திருக்கிறது. அதன் மெலிந்த தங்கையை நான் ஆறாம் வகுப்பில் உள்ளங்கையால் அறிவேன். ரொறன்ரோவில் தடித்த பிரம்புக்கு எங்கே போவது? குப்பை எடுக்கும் நாளில் வெக்ஸ்போர்ட் ஒழுங்கைகளைச் சுற்றினேன். நான்காவது கிழமை ஒரு வீட்டு வாசலில் புத்தகம் அடுக்குகிற உடைந்த பிரம்புத் தட்டு ஒன்று கிடந்தது. அதன் கால் ஒன்றை அறுத்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, தலையோடு சேர்த்து ஐம்பது அங்குலம் வரும்படி வெட்டினேன். மலர் அதைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றியபோது பிரம்பு வளைந்து பிறகு உதறியது. "இது உயிரோடை இருக்கு" என்றாள்.

மிச்சம் இருந்தது அரைக்கால் அந்தர். அதற்கு ஏற்ற தட்டுக் கிடைக்கவில்லை. ஆகவே மூன்றங்குலத் தண்ணீர்க் குழாயில் ஒரு சாண் துண்டெடுத்து, இரு முனைக்கும் மரையுள்ள மூடி போட்டு, உள்ளே ஈயத்துண்டுகளை நிரப்பி, இடைவெளிக்கு மணல் கொட்டி, மேல்மூடியில் சங்கிலி பூட்டுவதாகத் திட்டம். கடதாசியில் மூன்று கோணங்களில் படம் கீறினேன். வளையத்திலிருந்து அடிமூடி வரைக்கும் பதினெட்டு அங்குலத்துக்கு மேற்படக்கூடாது என்பது சட்டம். என்னுடையது பதினேழே முக்கால். மீன்கடைத் தராசில் பாரை மீனுக்கும் விளைமீனுக்கும் நடுவில் வைத்து நிறுத்தேன். மணலை விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுப் பதினான்கு இறாத்தலில் முள்ளை நிறுத்தினேன்.

"இன்னுமொரு கைப்பிடி மணல் போட்டுவிடுங்கோ அண்ணை" என்றான் தாசன். "கூடினால் குற்றமில்லையாம். குறைஞ்சால்தான் வில்லங்கமாம்."

"ஏன் கூடவேணும்? பதினாலு எண்டால் பதினாலு. அவளின்ரை தோள் என்ன லொறியே?"

"சரி, குடுங்கோ. அடிமூடியைச் சுத்திவர ஒட்டிவிடுறன். உலகம் அழிஞ்சாலும் திறக்காது."

ஒட்டத்தான் கொடுத்திருப்பேன். அந்த நேரத்தில் அதை முதல்தடவையாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். இரும்புக் குழாய். இரண்டு முனையும் மூடி. உள்ளே கனமாக ஏதோ. எங்கள் ஊரில் அந்த வருடங்களில் இப்படி ஒரு சாமானோடு ஒருவனைச் சோதனைச்சாவடியில் கண்டால், இது விளையாட்டுக்கு என்று சொல்லி முடிக்க விடமாட்டார்கள். நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். காரின் பின்பெட்டியில் இதை வைத்துக்கொண்டு எத்தனை தரம் லோரன்ஸ் வீதியைக் கடக்கப்போகிறேன்!

"ஒட்டாதை தாசன். கையாலை திறக்கக்கூடியமாதிரி இருக்கட்டும். பொலிஸ் மறிச்சால் உடனை திறந்து, இந்தா பாருங்கோ ஈயம் எண்டு காட்டவேணும்."

தாசன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிமூடியைக் கையால் திருகிப் பூட்டித் தந்தான்.

வீட்டில் சொன்னபோது மலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்த்தவில்லை. "இஞ்சாருங்கோ, பொலிஸுக்கு முன்னாலை நீங்கள் அதைத் திறக்க வெளிக்கிட்டால்தான் அவன் சுடுவான்" என்றாள்.

அது உண்மைதான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் மூடியை இறுக்க மனம் வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் ஒரு பொலிஸ்காரரும் எங்களை மறிக்கவில்லை. அது வேறு விஷயம்.

பழகுவதற்கு இடம், உயர் மின்னழுத்தக் கம்பிகள் போகிற தடத்தின் கீழிருந்த புல்வெளி. அங்கே வீடு கட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. நாய் நடத்துகிறவர்களையும் எங்களையும் தவிர ஒருவரும் வருவதில்லை. மேலே கம்பிகள் இரைந்துகொண்டிருக்கும். ஞாயிறு காலையில் மலரும் மொராக்கும் மாறிமாறி எறிவார்கள். நான் நாடா பிடிப்பேன். முதல்நாள் மலர் சுற்றிய சுற்றில் தானே விழுந்தாள். இரும்பு அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் ஓடினேன். மொராக் என்னைத் தடுத்துவிட்டு, "விழுந்தவள் எழும்புவாள். நீ போய் அள" என்றாள். பின்னால் போனதை எப்படி அளப்பது?

மலர் அவளிடம் கற்றது ஒன்றுதான்: கையால் எறியாதே, இடுப்பால் எறி. யூன் முடிவில் இருபது அடி தாண்டினாள். யூலையில் இருபத்துநாலு. குழாய் விழும் ஒவ்வொரு தரமும் புல்லில் ஒரு பள்ளம் விழும். ஒவ்வொரு விழுகையிலும் அடிமூடியின் மரை இம்மியளவு தளரும். தளர்ந்த மரையின் வழியே மணல் கசியும். அளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான், அவர்கள் எறிந்த தூரத்தை ஒவ்வொரு ஞாயிறும் அளந்தேன். எறிந்த பொருளைத் திரும்ப ஒருதரம் நிறுத்துப் பார்க்கவில்லை.

பாவாடையும் ஒரு கதை. கட்டம்போட்ட பாவாடை இல்லாமல் எறியவிட மாட்டார்கள். மலர் துணி வாங்கித் தானே தைத்தாள், மடிப்புகள் இருபத்தெட்டு. உள்ளே கறுப்பு நீளக் காற்சட்டை. "சனம் கண்டால் என்ன சொல்லும்?" என்று நான் கேட்டேன். "அங்கை எங்கடை சனம் ஆர் வரப்போகுது?" என்றாள். தாசன் குடும்பத்தோடு வந்திருந்தான். சட்டியைத் தவிர எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

விழா நாள் காலையில் நடுவர் தன் வாகனத்தின் பின்கதவைத் திறந்து, ஒரு கம்பத்தில் தொங்கு தராசைக் கட்டியிருந்தார். வெள்ளை மீசை, காலுறைக்குள் ஒரு சிறு கத்தி, பேச்சுக் குறைவு. சம்மட்டியைத் தூக்கினார், நாடா வைத்தார், பிரம்பைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். இருபத்தெட்டைக் கொழுவினார், இரண்டு அவுன்ஸ் கூட. தலையாட்டினார். எங்கள் குழாயைக் கொழுவினார். முள்ளைப் பார்த்தார். கழற்றிவிட்டுத் திரும்பக் கொழுவினார்.

"குறைவு" என்றார்.

மூன்றேமுக்கால் அவுன்ஸ் குறைவு. நான் என் கண்ணால் பார்த்தேன். வெக்ஸ்போர்ட்டின் புல்லில் ஒரு கோடை முழுவதும் சிந்திய மணல்.

செயலாளர் வந்தார். முகம் வாடிவிட்டது. "ஆண்களின் கல்லெறிதல் முடிந்தவுடன் உங்கள் நேரம். அதற்குள் சரிசெய்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம்" என்றார். மொராக் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அது மட்டும் எனக்கு முழுவதும் விளங்கியது, ஆனால் எழுதமுடியாது. மலர் பாவாடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டு நின்றாள். ஒத்திவைப்பது என்றால் என்னவென்று தெரிந்தவள் அவள்.

நான் ஓடினேன். ஐம்பதை நெருங்கியவன், சப்பாத்தோடு, கார்கள் நிறுத்தியிருந்த வயலுக்கு ஓடினேன். பின்பெட்டியில் திருப்புளி இருந்தது. என் காரின் முன் இடச்சில்லின் விளிம்பில் நானே கொழுவிய ஈயம்: ஒன்றேகால். நெம்பிக் கழற்றினேன். முன் வலது: முக்கால். பின்னால் ஒன்றரை. கடைசிச் சில்லில் அரை. முழங்காலில் நின்று கூட்டினேன். நான்கு அவுன்ஸ். கால் அவுன்ஸ் மிச்சமும் வருகிறது.

நிமிர்ந்தால் மலர் நிற்கிறாள். குழாயை ஒரு பிள்ளையைப்போல இடுப்பில் வைத்திருந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"நிறை எடுக்கிறன்."

"காரிலையிருந்தோ?"

"இதிலைதானே எழுதியிருக்கு!"

அவள் வாய் திறந்து ஏதோ சொல்லப்போனாள். பிறகு குழாயைக் கவிழ்த்துப் பிடித்து மூடியைச் சுற்றினாள். அது கையாலேயே கழன்றுவந்தது. நான்கு துண்டையும் உள்ளே போட்டேன். தாசன் எங்கிருந்தோ ஒரு பெரிய குறட்டோடு வந்தான். இந்தமுறை நான் குறுக்கே பேசவில்லை. அவன் முழு உடம்பையும் கொடுத்து முறுக்கினான்.

நடுவர் கொழுவினார். முள் பதினான்கைக் கடந்து ஒரு மயிரிழை தாண்டி நின்றது. தலையாட்டினார்.

ஒலிபெருக்கியில் அவளுடைய பெயர் மூன்று துண்டாக வந்தது: இரா, சா, மலர். சொன்னவர் நடுவில் ஒருதரம் மூச்சு வாங்கினார். மலர் போய் நின்றாள். முதல் எறியில் கால் முன்கட்டையைத் தாண்டிவிட்டது, செல்லாது. இரண்டாவது இருபத்துநாலு அடி ஏழு அங்குலம். மூன்றாவதுக்கு முன் அவள் வளையத்தை எடுக்காமல் கொஞ்சம் நின்றாள். எனக்கு அவளின் தோள், முதுகு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் நொந்தன. பிறகு எடுத்தாள். இரண்டு சுற்று. இருபத்தெட்டு மடிப்பும் விரிந்தன. கை விட்டதை நான் காணவில்லை. குழாய் வெளியில் போய்க்கொண்டிருப்பதைத்தான் கண்டேன். புல்லில் விழுந்த சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் காலில் தெரிந்தது.

நாடா பிடித்தார்கள். "இருபத்தொன்பது அடி, இரண்டு அங்குலம்" என்று நடுவர் கத்திச் சொன்னார். ஒலிபெருக்கி திரும்பச் சொன்னது. மலர் கைதட்டலைக் கேட்டதாகத் தெரியவில்லை. நேரே நடந்துபோய், குழாய் கிடந்த பள்ளத்தடியில் குந்தி, அதை எடுத்துவிட்டுப் பள்ளத்துக்குள் கையை வைத்துப் பார்த்தாள். மொராக் முப்பத்தொரு அடி எறிந்து வென்றாள். மலர் இரண்டாவது. தாதி மூன்றாவது. மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருகில் போனால் எனக்கும் அடி விழும்போல இருந்தது.

திரும்பி வரும்போது ஃபோர்-ஓ-வன் நெடுஞ்சாலையில் கார் ஆடத் தொடங்கியது. எண்பதில் ஸ்ரியரிங் வளையம் நடுங்கியது. தொண்ணூறில் என் பல்லும் நடுங்கியது. வலது ஓரமாக எழுபதில் வந்தோம். லொறிகள் ஒலியெழுப்பிக்கொண்டு கடந்தன. மலர் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, கார் விட்ட வயல் முழுக்கக் குறுணிக்கல்லுக் கிடந்ததே?"

"ஓம், கிடந்தது."

"அதிலை ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கலாமே?"

நான் யோசித்தேன். நடுவரின் தராசு கூப்பிடு தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டுப் போட்டு நிறுத்திருக்கலாம். எனக்கு அது ஒரு கணமும் தோன்றவில்லை.

"கல்லிலை நிறை எழுதியிருக்கேல்லையே" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். காரும் ஆடியது, அவளும் ஆடினாள். பிக்கரிங் நகர் வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

அடுத்த வருடம் செயலாளர் எங்கேயோ காசு சேர்த்துப் பெண்களுக்கென்று கடைந்த இரும்பில் புதிதாக வாங்கிவிட்டார். எட்டுப் பேர் எறிந்தார்கள். எங்கள் மூன்றையும் விழாவுக்கே கொடுத்துவிட்டோம். அவை எங்கே போயின என்று தெரியாது. மலர் மேலும் இரண்டு கோடை எறிந்தாள், முப்பதைத் தாண்டவில்லை. மொராக் மகளோடு மேற்குக் கரைக்குப் போனாள். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து மடல் வரும். ஒரு நத்தாருக்கு வரவில்லை. தாசன் மிசிசாகாவில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளோடு இப்போது அவன் வாய் ஓய்ந்துவிட்டதாம், நம்பமுடியவில்லை. ரயர்க்கடை இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு. மலரால் இன்று வலக்கையைத் தூக்கித் தலை வாரமுடியாது. அது பிஸ்கற் பெட்டியால் வந்தது, எறிந்ததால் வந்ததல்ல என்று வைத்தியரோடு சண்டை பிடிப்பாள்.

போன வருடக் கோடையில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணவீட்டுக்குப் போய்விட்டு, மைதானத்தைப் பார்ப்போம் என்று காரைத் திருப்பினேன். மைதானம் இல்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கராஜ் கதவு. விழாவும் நின்று பல வருடமாம். நான் இறங்கி நின்று, தேவாலயக் கோபுரத்தையும் வீதி வளைவையும் வைத்து, எறிகிற இடம் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். ஊரில் எத்தனை காணிகளுக்கு எல்லை கீறியவன்! பிடிபடவில்லை.

மலர் மெதுவாக இறங்கிவந்தாள். நேரே போய் ஒரு வீட்டின் புற்றரைக்கு முன்னால் நின்றாள்.

"உதிலைதான்."

"எப்பிடித் தெரியும்?"

"எறிஞ்சது நானெல்லோ."

இரண்டு கிழங்கள் தன் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள். ஒன்றுமில்லை, முந்தி ஒருநாள் இந்த இடத்தில் ஒரு சாமானை எறிந்தேன் என்று மலர் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் தன் புல்லைக் குனிந்து பார்த்தாள்.

"பிறகு அது கிடைத்ததா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, அண்டைக்கே கிடைச்சது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மலர் காரில் ஏறினாள்.